ஏழு பேர், நாலு இரவு: சொந்தக்காரர் வீடா, லாட்ஜா? காரா, வேனா, ரயிலா?

கல்லூரி நண்பர்கள் ஏழு பேர் சென்னையிலிருந்து மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று ஒரு சுற்று போய்வர நினைக்கிறார்கள். கையில் இருப்பது நாலு இரவு. வாட்ஸ்அப் குழுவில் முதலில் கிளம்பும் சண்டை எந்த வண்டி என்பது. தங்குவது எங்கே என்ற கேள்விக்கு "திருச்செந்தூர்ப் பக்கம் எங்க அப்பாவோட பெரியப்பா வீடு இருக்குடா, பார்த்துக்கலாம்" என்று யாரோ ஒருவன் சொல்ல, அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த வரிசைதான் தப்பு. எந்த இரவில் எங்கே படுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் வண்டிக் கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

தூரத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 175. அங்கிருந்து தனுஷ்கோடிக் கடைசியில் உள்ள அரிச்சல்முனைக்குப் போய்த் திரும்ப 45. ராமேஸ்வரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் 225 பக்கம் வரும். திருச்செந்தூரிலிருந்து கடற்கரையோரமாகக் கன்னியாகுமரி 90. கன்னியாகுமரியிலிருந்து சென்னை 700. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 1,750 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பார்க்கத் தகுந்த சாலை மதுரைக்குத் தெற்கேதான் இருக்கிறது. பாம்பன் பாலம், வேம்பார்ப் பக்கத்து உப்பளங்கள், உடன்குடியின் செம்மண் தேரி, மணப்பாட்டின் குன்றுமேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில், உவரி எல்லாம் அங்கே. சென்னை–மதுரை நான்குவழிச் சாலை நல்ல சாலைதான். ஆனால் போக 460, வர 460 கிலோமீட்டருக்கு அதில் கண்ணுக்கு விருந்து எதுவும் இல்லை, தூக்கம்தான் வரும்.

வண்டி

வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவது செலவில் குறைவு. ஏழு பேர் உட்காரும் எர்டிகா மாதிரி வண்டி, ஏசி போட்டு, முழுச் சுமையோடு லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் 125 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம் என்றால் 12,600 ரூபாய் ஆகும். சென்னையிலிருந்து மதுரைக்குள் மட்டும் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டு சுங்கச் சாவடிகள். மொத்தச் சுற்றில் இருபதைத் தாண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 200 தடவைக்குச் செல்லும். வீட்டில் அது இருந்தால் இந்தச் செலவு தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பாஸ் சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும்தான், வாடகை வண்டிக்குக் கிடையாது. மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் செல்லாது. ஃபாஸ்டேக்கில் பணம் தீர்ந்துபோனால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே பணம் போட்டுவிடுங்கள்.

வீட்டுக் காரில் இரண்டு சிக்கல்கள் வரும். ஏழு பேர் உட்கார்ந்தால் பின்வரிசைக்குப் பின்னால் நாலு சின்னப் பைக்கு மேல் இடமிருக்காது. மீதிப் பைகள் மடிக்கும் காலடிக்கும் வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் குமட்டல் ஆரம்பிக்கும். இதைச் சமாளிக்கலாம். இரண்டாவது சிக்கல் கடைசி நாள். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு 700 கி.மீ. சாப்பாடு, டீ, சாவடிகள் எல்லாம் சேர்த்து 13 மணி நேரம் ஆகும். நாலு நாள் அரைத் தூக்கத்தில் இருந்த இருபது வயதுப் பையன்தான் அதை ஓட்டப்போகிறான். "படகில் போய்விட்டு சாயங்காலம் கிளம்பலாம்" என்று முடிவானால் விழுப்புரம் பக்கம் வரும்போது விடியற்காலை ஆகிவிடும். சாலையோரம் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதுவது அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஓட்டுபவர் கண்ணைத் திறந்துகொண்டே சில விநாடி தூங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவரும் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக் கார்தான் என்று முடிவு செய்தால் ராத்திரி 11 முதல் காலை 5 வரை வண்டி ஓடாது என்று கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். திருச்சியிலோ மதுரையிலோ இன்னொரு இரவு தங்க வேண்டிவந்தால் தங்கிவிடுங்கள்.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை "தெரிந்தவர் கார், நாளைக்கு மூவாயிரம் போதும்" என்று தருபவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதில் விபத்து நடந்தால் வாடகைக்கு விட்ட காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ் பணத்தை மறுத்துவிடுவார்கள். அது ஏழு குடும்பத்தின் தலையில் விழும். முறையான நிறுவனங்களில் பெரும்பாலும் 21 வயதும், உரிமம் எடுத்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். முதல் வருட மாணவர்களுக்கு இதிலேயே கதவு அடைத்துவிடும். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ஓட்டலாம். "கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்டா" என்பதற்கு அதில் இடமில்லை. வண்டியை வாங்கும்போது நாலு சக்கரம், முன்பின் பம்பர், கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தில் பிடித்தம் வருவது பெரும்பாலும் பம்பரின் அடிப்பக்கக் கீறலுக்குத்தான். அங்கே குனிந்து படம் எடுக்கிறவர் குறைவு.

டிரைவரோடு வண்டி பேசினால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நீங்கள் ஏழு பேர், டிரைவரோடு எட்டு. எர்டிகாவில் ஆறு பேர்தான் போகலாம். இனோவாவிலும் எட்டு இருக்கை உள்ளதாகக் கேட்க வேண்டும், ஏழு இருக்கை வண்டியும் அதே பெயரில்தான் வரும். இல்லாவிட்டால் 12 பேர் போகும் டிராவலர் வேன். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்கு வைப்பது வழக்கம். வண்டி ஓடாமல் நின்றாலும் அந்தக் காசு உண்டு. ஒப்பிட வசதியாகக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், பேட்டா நாளைக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள், 1,750 கி.மீ. என்றால் 35,000, பேட்டா 3,000. சுங்கமும் பார்க்கிங்கும் தனி.

இதே கணக்கை மதுரையிலிருந்து போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ரயில். காலையில் மதுரையில் வண்டி ஏறி, மூன்று நாள் சுற்றி, கன்னியாகுமரியில் இறங்கி, மாலை ரயிலில் ஊர் திரும்புவது. வண்டி காலியாக மதுரை திரும்பும் 245 கிலோமீட்டரையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் 850 கி.மீ.க்குள் அடங்கும். வாடகை 17,000, பேட்டா 1,800. ஸ்லீப்பர் டிக்கெட் ஒரு வழிக்கு ஆளுக்கு 500 ரூபாய்க்குள் என்று வைத்தால் ஏழு பேருக்குப் போகவர 7,000. மொத்தம் 26,000க்குள் முடிகிறது. சென்னையிலிருந்தே டிரைவர் வண்டி எடுப்பதைவிட 12,000 குறைவு. நாலு இரவில் இரண்டு இரவு ரயிலிலேயே தூங்கிவிடுவதால் தங்கும் செலவும் பாதியாகிறது. ஏழு பேரும் ஒரே பெட்டியில் சீட்டாடிக்கொண்டு போகலாம், யாரும் ஓட்ட வேண்டியதில்லை.

எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஒரே நிபந்தனை, முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, தென்மாவட்ட ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். விடுமுறையை ஒட்டிப் போவதானால் திறந்த அன்று காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும். ஏழாமவனுக்குத் தனி டிக்கெட் எடுக்கும்போது பெட்டி மாறிப்போகலாம்.

பைக்கைப் பற்றி இரண்டே வரி. 1,750 கிலோமீட்டரை ஐந்து நாளில் முடிக்க நாளைக்கு 350 ஓட்ட வேண்டும். ஓட்டுவதைத் தவிர வேறு எதற்கும் நேரமிருக்காது. பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று பைக்கைத் தள்ளும். பின்னால் ஆளும் பையும் இருந்தால் இன்னும் அதிகம் ஆடும். இந்தச் சுற்றுக்கு வேண்டாம்.

தங்கும் இடம்

ரயில் திட்டப்படி புதன் இரவு கிளம்பி வியாழன் விடியலில் மதுரையில் இறங்கினால், குளித்து உடை மாற்ற ஒரு இடம் தேவை. அதற்காகச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைக் காலை ஐந்தரைக்குத் தட்டாதீர்கள். ரயில் நிலைய ஓய்வறையை டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பே பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜுகளில் சில மணி நேரத்துக்கு அறை கேட்டால் தருவார்கள். மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். காலையிலேயே பார்த்துவிட வேண்டும். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி போகாது. டிரைவரை எங்கே நிற்கச் சொன்னோம் என்பதை இறங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். போன் எல்லாம் வண்டியிலோ பாதுகாப்பு அறையிலோ இருக்கும்போது அவரைத் தேடுவது பெரும்பாடு.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ்தான் சரி. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈர உடையோடு வெளியே வந்தால் சன்னதிக்குள் விடமாட்டார்கள். உடை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அறை கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் தங்கியிருந்தால் ஏழு ஈர உடம்புகள் டிரைவரின் இருக்கையை நனைக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் பல வீடுகளில் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளை ஒட்டிப் போனால் லாட்ஜ் கிடைப்பதே கஷ்டம். தேதியை மாற்றிக்கொள்வது நல்லது. திருச்செந்தூருக்குக் கந்த சஷ்டி, மதுரைக்குச் சித்திரைத் திருவிழா, கன்னியாகுமரிக்கு ஐயப்ப சீசன், இவையும் அப்படியே.

லாட்ஜில் கவனிக்க வேண்டியவை: ஏழு பேரின் அசல் ஆதாரும் கேட்பார்கள். கல்லூரி அடையாள அட்டை போதாது, பான் அட்டையில் முகவரி கிடையாது. இரண்டு அறை போட்டு ஏழு பேரும் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வரவேற்பில் எண்ணுவார்கள். மூன்று பேர் அறை ஒன்று, நாலு பேர் அறை ஒன்று என்று போனிலேயே கேட்டு, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். காலி செய்யும் நேரம் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணியா என்று கேளுங்கள். மாலை ஐந்துக்கு நுழைந்தவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கொசுக்கடியில் வண்டிக்குள் படுத்து எழுந்தவர்தான் மறுநாள் உங்கள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு 225 கி.மீ. ஓட்டப்போகிறார்.

மூன்றாவது இரவுதான் சொந்தக்காரர் வீட்டுக்கு ஏற்றது. திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் கிராமத்தில் மொட்டை மாடியும் முற்றமும் உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பையில் ராமேஸ்வரத்து ஈரத்துணி இருக்கும். மாடிக் கொடியில் போட்டால் கடற்காற்றில் விடிவதற்குள் உலர்ந்துவிடும். இரண்டு நாள் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுச் சோறு வயிற்றுக்கு இதம். ஏழு பேரும் வரிசையாகப் பாய் விரித்து வானத்தைப் பார்த்துப் படுக்கலாம். இதே சொந்தம் தூத்துக்குடி நகரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருந்தால் நாலு பேருக்கு மேல் போகக் கூடாது. ஏழு பேர் என்றால் பார்த்துப் பேசிவிட்டு வந்து அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

கொஞ்சம்தான். இரண்டு அறைக்கு 3,000 முதல் 3,500 என்று வையுங்கள். வீட்டுக்குப் போனால் பழம், இனிப்பு, ஹார்லிக்ஸ் எல்லாம் 700, பிள்ளைகள் கையில் கொடுப்பது 400, வழியை விட்டு உள்ளே போய்வரும் வண்டிச் செலவு. மிஞ்சிப்போனால் ஆளுக்கு 300 ரூபாய் மிச்சம். அதற்கு விலையாக ஒரு மாலை முழுக்கப் போய்விடும். உட்கார வைத்து, படிப்பைக் கேட்டு, "உங்க தாத்தாவும் எங்கப்பாவும்" என்று ஆரம்பித்து, ஆல்பம் எடுத்து வந்து காட்டுவார்கள். அது அவர்களுக்கு உரிய நேரம், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அதே ஊரில் சொந்தக்காரர் வீடு இன்னொன்றும் இருந்தால் அங்கேயும் ஒரு எட்டு போய்த் தலைகாட்ட வேண்டும். போகாவிட்டால் "இங்க வந்துட்டு எங்க வீட்டுப் படி ஏறலையே" என்ற பேச்சு ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் உங்கள் அம்மா காதில் விழும். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொரு விலையும் உண்டு, அது பின்னால் வரும். நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளை நேர்முகத் தேர்வுக்கோ, பெரியவர் ஆஸ்பத்திரிக்கோ சென்னை வந்தால் உங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். வரட்டும் என்று உங்கள் வீட்டில் மனதாரச் சொல்வார்களா என்பதை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். அதே பேச்சில் வேறு மூன்றையும் கேளுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் இப்போது போக்குவரத்து இருக்கிறதா? கடைசியாக அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனோமா, மொய் வைத்தோமா? அந்த வீட்டில் யாரும் தவறி, நாம் துக்கம் விசாரிக்காமல் விட்டிருக்கிறோமா? துக்கம் கேட்காத வீட்டுக்கு ஊர் சுற்ற வந்தவனாகப் போய் நிற்பது அவர்கள் மனதில் நெடுநாள் தைக்கும். அப்படி இருந்தால் பெற்றோர் ஒருமுறை போய்வரட்டும், நீங்கள் இந்தத் தடவை லாட்ஜில் தங்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்களோடு வருகிற ஆறு பேரும் ஒரே சாதி, ஒரே மதம் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் "தம்பி எந்த ஊரு, அங்க எந்தத் தெரு?" என்று கேட்பார். சில வீடுகளில் அது வெறும் விசாரிப்பு. சில வீடுகளில் அந்தப் பதிலுக்குத் தகுந்தபடி டம்ளர் மாறும், உட்காரும் இடம் மாறும். அப்படி நடக்கக்கூடும் என்று ஒரு சிறு சந்தேகம் வந்தாலும் அந்த வீட்டுக்கு உங்கள் நண்பனைக் கூட்டிப் போகாதீர்கள். "சமாளித்துக்கொள்ளலாம்" என்பது உங்களால் சொல்லக்கூடியது, சமாளிக்க வேண்டியவன் அவன். அம்மாவிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

பெண்களும் ஆண்களும் சேர்ந்த குழுவாக இருந்தால், பெண்கள் வீட்டிலும் பையன்கள் பக்கத்து லாட்ஜிலும் தங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டில் கூடுவது நன்றாக நடக்கும். பெண்களின் பெற்றோர் சம்மதிப்பதும் பல நேரம் இப்படி ஒரு வீட்டின் பெயரைச் சொன்னால்தான். அந்த வீட்டு அத்தையின் எண்ணை அவர்களிடம் கொடுத்துப் பேச வையுங்கள். பெண்களே மட்டும் போகும் பயணம் என்றால் வீட்டுக்கே முதலிடம் கொடுக்கலாம்.

எப்படிக் கேட்பது

இரண்டு வாரத்துக்கு முன்பு அம்மாவோ அப்பாவோ முதலில் பேச வேண்டும். மறுநாள் நீங்கள் பேச வேண்டும். பெற்றோர் மட்டும் பேசி விட்டுவிட்டால் வருபவன் முகம் அவர்களுக்குத் தெரியாது, எண்ணிக்கையும் நேரமும் மாறிப்போகும். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"அத்தை, சென்னையிலேர்ந்து உங்க சித்தப்பா பேரன் பேசுறேன். இன்னும் ரெண்டு வாரத்துல வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி போல நாங்க ஏழு பசங்க, கூட டிரைவர் அண்ணன் ஒருத்தர், அந்தப் பக்கம் வர்றோம். ராத்திரி தங்கிட்டு சனிக்கிழமை காலையில ஆறரைக்குக் கிளம்பிடுவோம். ஒருத்தன் மட்டும் சைவம். ராத்திரி உங்க வீட்டுல சாப்பிடுறோம், காலையில காபி மட்டும் போதும். மாடியில பாய் விரிச்சாப் போதும், போர்வை நாங்க கொண்டு வர்றோம். அன்னிக்கு உங்களுக்குத் தோதுப்படுமா? தோதுப்படலைன்னா தயங்காம சொல்லுங்க அத்தை, திருச்செந்தூர்ல ரூம் போட்டுக்கிட்டு வந்து பார்த்துட்டுப் போறோம்."

கடைசி இரண்டு வாக்கியம் கட்டாயம் வேண்டும். முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வழி விடாமல் கேட்டால் முடியாவிட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

எண்ணிக்கையை இரண்டு நாளுக்கு முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள். காரணம் மாவு. கல்லூரிப் பையன் ஆறு இட்லிக்குக் குறைய மாட்டான். ஏழு பேருக்கு 42. வீட்டார் நாலு பேருக்கு 16, டிரைவருக்கு ஆறு. 64 இட்லி. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஐம்பது சொச்சம்தான் வரும். வெள்ளி இரவு ஊற்ற வேண்டும் என்றால் வியாழன் மத்தியானம் ஒன்றேகால் கிலோ அரிசி ஊறியிருக்க வேண்டும், சாயங்காலம் அரைத்து ராத்திரி புளிக்க விட வேண்டும். வீட்டு கிரைண்டர் சின்னது என்றால் இரண்டு தடவையாக ஓட்ட வேண்டும். "நாலு பேர்னு சொன்னோம், இன்னும் மூணு பேர் சேர்ந்துட்டாங்க" என்று வெள்ளி மதியம் சொன்னால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். கடைக்கு ஆள் அனுப்பிப் பாக்கெட் மாவு வாங்குவார்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். மாடியில் இருப்பது பெரும்பாலும் 500 லிட்டர் சின்டெக்ஸ். குளிக்க இரண்டு வாளி 35 லிட்டர், கழிப்பறைக்கும் பல் துலக்கவும் 20. ஏழு பேருக்கு 385 லிட்டர். வீட்டார் இரவில் புழங்கியதும் சேர்ந்தால், காலையில் அவர்கள் எழுந்து குழாயைத் திறக்கும்போது காற்றுதான் வரும். போனதும் "மோட்டார் எப்ப போடுவீங்க அத்தை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் இரவே குளித்துவிடுங்கள், நடுவில் மோட்டார் ஓடட்டும், மூன்று பேர் காலையில், ஆளுக்கு ஒரு வாளி. ஒரே குளியலறை என்றால் ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். ஏழு பேரும் காலையில் நின்றால் ஒன்றரை மணி நேரம், அதே நேரத்தில் வீட்டாரும் தங்கள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆறரைக்குக் கிளம்பிவிடுகிறோம் என்று சொல்வது அதனால்தான். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. எட்டரைக்குக் கன்னியாகுமரியில் இருப்பீர்கள். படகு எட்டு மணிக்குத் தொடங்கிவிடும், பத்துக்கு மேல் வரிசை நீளும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் இருப்பதால் பாறையில் இறங்கியே சிலைக்கு நடந்து போய்விடலாம்.

வாங்கிப்போவது என்னவென்றால், அந்த ஊர்ச் சரக்கை அந்த ஊருக்கே கொண்டுபோகக் கூடாது. உடன்குடிக்குக் கருப்பட்டியும் தூத்துக்குடிக்கு மக்ரூனும் எதற்கு? மதுரையில் இறங்கும்போதே பழமும் மல்லிகைப்பூவும் வாங்கிவிடலாம் என்று தோன்றும். பூ மறுநாள் மாலைக்குள் வாடிவிடும், அதை வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் வாங்குங்கள். இனிப்பு சென்னையிலிருந்தே வரட்டும். ஒரு நாலு பிளக் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையோடு வேண்டும், ஏழு போனுக்கு அந்த வீட்டில் சுவிட்ச் இருக்காது. கேட்காமல் ஏசியைப் போடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுங்கள், கழுவ விடமாட்டார்கள், ஆனாலும் எடுங்கள். காலையில் பாயைச் சுருட்டி, தலையணையை எங்கே எடுத்தீர்களோ அங்கே வையுங்கள். அத்தை கையில் பணம் நீட்டக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" என்று சொல்லி, சென்னை போய்ச் சேர்ந்ததும் நீங்களே ஒரு போன் செய்யுங்கள்.

இந்தத் திட்டத்தில் உதைக்கக்கூடிய இடம் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை மத்தியானம். அரிச்சல்முனையில் நேரம் போவதே தெரியாது. ராமேஸ்வரத்தை விட்டு பன்னிரண்டரைக்குக் கிளம்பாவிட்டால் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது. தனுஷ்கோடியைக் காலையில் கோயிலுக்குப் பிறகு உடனே முடித்துவிடுங்கள். கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சாலை இருவழியாகத்தான் ஊர்களுக்குள் புகுந்து போகும், பெட்ரோல் பங்கும் நெருக்கமாக இல்லை, ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். வேம்பாரைத் தாண்டும்போது மணி ஐந்தைத் தொட்டிருந்தால் அங்கேயே நிறுத்தி அத்தைக்குப் போன் செய்து எட்டு மணி ஆகும் என்று சொல்லிவிடுங்கள். எட்டையும் தாண்டும் போலிருந்தால் இட்லியை மட்டும் வந்து சாப்பிடுகிறோம், படுக்கத் திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். அறைக்கு இரண்டு லாட்ஜ் எண்கள் அதற்கு முன்பே போனில் ஏறியிருக்க வேண்டும்.